எந்த வயதில் எதைப் படிப்பாய், கண்ணு?

கண்ணு,

போன சனிக்கிழமை உன் முதல் சம்பளக் கவரைக் கொண்டுவந்து உன் அம்மாயி கையில் கொடுத்தாய். கொஞ்சம் பணத்தை உன்னிடமே திருப்பித் தந்து, பிடித்ததை வாங்கிக்கொள் என்றாள் அவள். உடனே என் பக்கம் திரும்பி, “அப்புச்சி, என்ன புத்தகம் வாங்கட்டும்? எந்தப் படம் பார்க்கட்டும்?” என்று கேட்டாய். நாளெல்லாம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றுவிட்டு வந்த பிள்ளை இப்படிக் கேட்டால் எந்தக் கிழவனுக்கு மனசு நிறையாது? கட்டிங் டேபிளில் ஆயுளைக் கழித்தவன் நான். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோன எனக்கு உலகத்தைக் காட்டியவை புத்தகமும் சினிமாவும்தான். எனக்குத் தெரிந்ததை எழுதித் தருகிறேன். அவசரமில்லாமல் படி.

1. சின்ன வயதில் படித்ததைக் கேவலமாக நினைக்காதே. உன் பெரிய மாமன் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்துத்தான் எழுத்துக்கூட்டக் கற்றான். முத்து காமிக்ஸ் 1972-இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கியது. எனக்கு அதற்கும் முந்தைய அம்புலிமாமா. நாடு சுதந்திரம் பெற்ற 1947-இல் பிறந்த பத்திரிகை அது. இதழுக்கு இதழ் விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து வருவான். வேதாளம் ஒரு கதை சொல்லி, கடைசியில் யார் செய்தது நியாயம் என்று கேட்கும். அந்தக் கேள்வியைப் படித்ததும் நான் பக்கத்தை மூடிவிட்டு, ராஜா என்ன சொல்லியிருப்பான் என்று யோசிப்பேன். பிற்காலத்தில் கம்பெனியில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு என்னிடம் வந்தபோதெல்லாம், இரண்டு பக்கத்தையும் கேட்காமல் பேசக்கூடாது என்ற பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. வீட்டில் தம்பி தங்கைகள் காமிக்ஸ் படித்தால் பிடுங்காதே.

2. படம் பார்க்கப் போனால் எழுத்துப் போடுவதற்கு முன்பே உட்கார்ந்துவிடு. முடிந்த பிறகும் கடைசிப் பெயர் ஓடும்வரை எழுந்திருக்காதே. நீ செக்கிங் பார்க்கும் ஒவ்வொரு பனியனிலும் கழுத்துக்குப் பின்னால் ஒரு லேபிள் இருக்கிறது. அதில் கடல் தாண்டி எங்கோ இருக்கும் கம்பெனியின் பெயர் இருக்கும். ஓவர்லாக் அடித்தவள், கைமடித்தவள், பிசிர் வெட்டியவள் யார் பெயரும் இருக்காது. பெயர் இல்லாமல் உழைப்பது எப்படி இருக்கும் என்று அறிந்தவர்கள் நாம். அடுத்தவர் உழைப்புக்குப் பெயர் போடும்போது நாமாவது நின்று படிக்க வேண்டும்.

அப்படிப் படித்தால் சினிமா நம் மண்ணுக்கு எத்தனை நெருக்கமானது என்று உனக்கே தெரியவரும். 1905-இல் திருச்சியில் ரயில்வே வேலை பார்த்துக்கொண்டிருந்த கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டினார். 1954-இல் வந்த ‘மலைக்கள்ளன்’ எம்.ஜி.ஆர். படம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கதையை நாவலாக எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. வசனம் கலைஞர் மு. கருணாநிதி. எடுத்தவர் ஸ்ரீராமுலு நாயுடு, எடுத்த இடம் கோவை பட்சிராஜா ஸ்டூடியோ. தமிழுக்கான ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. ‘முந்தானை முடிச்சு’ எடுத்த பாக்யராஜ், நம் திருப்பூரிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் வெள்ளாங்கோயிலில் பிறந்தவர்.

திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களையும் மறந்துவிடாதே. தியேட்டரில் சோடா விற்ற பையன்களின் கதையைப் பெருமாள்முருகன் ‘நிழல்முற்றம்’ என்று 1993-இல் நாவலாக எழுதினார். அதைப் படித்த பிறகு இடைவேளையில் முறுக்கு விற்கும் பையனை “டேய்” என்று கூப்பிட எனக்கு வாய் வந்ததில்லை.

3. பதினெட்டு வயதில் ‘பொன்னியின் செல்வன்’ படி. அந்த வயதில் குதிரை ஏறிப் போக ஆசை இருக்கவேண்டும். தடியான ஐந்து பாகம் என்று பயப்படாதே. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததுதான். அந்தக் காலத்தில் வீட்டில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நீயும் அப்படியே படி, ராத்திரிக்கு இரண்டு அத்தியாயம் போதும். மணிரத்னம் எடுத்த படத்தை நீ முதலிலேயே பார்த்துவிட்டதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவர்கள் ஏராளம். எந்த வாசல் வழியாக வந்தாலும் வீட்டுக்குள் வந்தால் சரி.

4. ராஜா ராணி கதைகளோடு நின்றுவிடாமல் நம் மண்ணின் கதைக்கு வா. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர் ஆர். ஷண்முகசுந்தரம். அவர் எழுதிய ‘நாகம்மாள்’ 1942-இல் வந்தது. தமிழில் வட்டார நாவலுக்கு அதுதான் முதல் என்று பலரும் சொல்வார்கள். புருஷனை இழந்த ஒரு பெண், கூட்டுக் குடும்பத்தில் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். கதை இவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கேள்வி ஊரையே எப்படி ஆட்டுகிறது என்று பார். நம்மூர்ப் பேச்சு அச்சில் வருவதை முதன்முதலில் அந்தப் புத்தகத்தில் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துப் போனது. நாம் பேசுவதும் எழுத்தில் ஏறத் தகுந்ததுதான் என்ற தைரியம் அன்று வந்தது. நீ பெண்பிள்ளை. நாகம்மாள் கேட்ட கேள்வி உனக்கும் ஒருநாள் தேவைப்படலாம். அவளை நல்லவள், கெட்டவள் என்று அந்த நாவல் தீர்ப்புச் சொல்லாது. நீயும் அவசரப்பட்டுச் சொல்லாதே.

5. இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் எனக்கு முக்கியம். நல்ல புத்தகத்துக்கும் நல்ல படத்துக்கும் வயது மாறி மாறித் திரும்பிப் போ.

கீரனூர் ஷண்முகசுந்தரம் தன் ஊரைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. வங்காளத்தில் விபூதிபூஷண் எழுதிய ‘பதேர் பாஞ்சாலி’யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்த நாவலைத்தான் சத்யஜித் ராய் 1955-இல் படமாக்கினார். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மாநில மொழிப் படங்கள் போடுவார்கள். அப்படித்தான் நான் அதை முதலில் பார்த்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. துர்கா, அபு என்ற அக்காவும் தம்பியும் மட்டுமே என் கண்ணில் பட்டார்கள். வெள்ளைப் பூ பூத்த உயரமான புல்லுக்குள் இரண்டு பேரும் ஓடுவதும், தூரத்தில் கரும்புகை விட்டபடி ரயில் போவதும்தான் படம் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அம்மா பிறந்த பிறகு மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை தாய் சர்பஜயா தெரிந்தாள். வேலை தேடிப் போன புருஷனிடமிருந்து கடுதாசி வராத வீட்டில், அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன செய்வது என்று அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மகள் துர்கா காய்ச்சலில் இறந்துபோகிறாள். அது தெரியாமல் ஊர் திரும்பிய அப்பன், அவளுக்கென்று வாங்கி வந்த சேலையை எடுத்து நீட்டுகிறான். சர்பஜயா அதை வாங்கிக்கொண்டு உடைந்து போகிறாள். அவள் அழும் குரலை ராய் நமக்குக் கேட்கவிடவில்லை, வாத்தியம் மட்டும் கேட்கும். துணி தைத்துப் பிழைக்கும் ஊரில் இருந்துகொண்டு அந்தச் சேலையைப் பார்க்க என்னால் முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

இப்போது பார்க்கும்போது வீட்டில் ஒண்டியிருக்கும் கிழவி இந்திர் தாக்ருண்தான் தெரிகிறாள். துர்கா கொண்டுவந்து கொடுக்கும் கொய்யாப்பழத்துக்குக் காத்திருக்கிறவள், கோபித்துக்கொண்டு மூட்டையோடு கிளம்பிப் போய், போக இடமில்லாமல் திரும்பி வருகிறவள். நடித்த சுனிபாலா தேவிக்கு அப்போது எண்பது வயது இருக்கும். படம் மாறவில்லை, கண்ணு. உட்கார்ந்து பார்த்த நான்தான் மாறிக்கொண்டே இருந்தேன். ஒரு புத்தகத்தை ஒருமுறை படித்துவிட்டு முடித்தாயிற்று என்று சொல்கிறவர்களை நம்பாதே.

6. சோறு போடும் தொழிலைப் பற்றிய புத்தகத்தைத் துணிந்து படி. எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல்கடிகை’ 2004-இல் வந்தது. பனியன் தொழிலோடு சேர்ந்து வளரும் நண்பர்களின் கதை. திருப்பூரில் பணம் வருவதும் போவதும் மனுஷனை என்னவெல்லாம் செய்யும் என்று அதில் பார்க்கலாம். சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ 1998-இல் வந்தது. நொய்யல் சாயத் தண்ணீராக ஓடிய காலத்தின் சாட்சி அது. ஒரத்துப்பாளையம் அணை விவசாயத்துக்காகக் கட்டியது. அதில் வந்து தேங்கியதோ சாயக்கழிவு. கடைசியில் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்தே ஆகவேண்டும் என்பது எல்லோருக்கும் உறைத்தது. அன்று வேலை போய் ஊர் திரும்பியவர்களையும் எனக்குத் தெரியும், தண்ணீர் கெட்டு வெள்ளாமையை விட்டவர்களையும் எனக்குத் தெரியும். இரண்டு கஷ்டமும் உண்மை. தொழிலை நேசி, ஆனால் அது செய்த கேட்டை மறைத்துப் பேசாதே. உண்ட வீட்டின் குறையைத் திருத்த நினைப்பது துரோகம் ஆகாது.

7. யாரையாவது பற்றி ஊர் தப்பாகப் பேசினால், ஜெயகாந்தனை நினைத்துக்கொள். 1966-இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ என்று ஒரு சிறுகதை எழுதினார். மழையில் ஒரு பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒருவன் கெடுத்துவிடுகிறான். வீடு திரும்பிய மகளை அவள் தாய் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். அதற்கு எவ்வளவு எதிர்ப்பு! அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊர் அறியக் கத்தியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து எழுதியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதற்கு 1972-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1977-இல் பீம்சிங் படமாக்கினார். அதில் நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது.

கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி வேண்டாத பேச்சு கிளம்பியது. நான் அதைப் பரப்பவில்லை. ஆனால் டீக்கடையில் மற்றவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவள் வேலையை விட்டே போய்விட்டாள். அந்த நாவலைப் பிறகுதான் படித்தேன். சும்மா நின்றவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் என்று அப்போது புரிந்தது. ஹாஸ்டலில், வேனில், செக்கிங் டேபிளில் யாராவது ஒரு பெண்ணின் பேரை இழுத்தால், “விடுங்க அக்கா” என்று ஒரு வார்த்தை சொல். அன்று எனக்கு வராத வார்த்தை உனக்கு வரட்டும்.

8. எழுதுகிறவர்கள் வேறு சாதிப் பிறவிகள் என்று நினைக்காதே. கோவையில் ஆட்டோ ஓட்டியவர் மு. சந்திரகுமார். இளம் வயதில் பிழைப்புத் தேடி ஆந்திராவில் குண்டூருக்குப் போனபோது, செய்யாத குற்றத்துக்காகக் காவல் நிலையத்தில் அடைத்து வதைத்தார்கள். அதை அவர் ‘லாக்கப்’ என்று எழுதினார். வெற்றிமாறன் அதிலிருந்து எடுத்த ‘விசாரணை’ 2015-இல் வெனிஸ் திரைப்பட விழா வரைக்கும் போனது. இன்றைக்கு நம் ஊரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் உன் பக்கத்து டேபிளில் நிற்கிறார்கள். பாஷை தெரியாத ஊரில் பிழைப்புக்காக நிற்பது எப்படி இருக்கும் என்பதை அந்தப் புத்தகத்தில் தெரிந்துகொள். தெரிந்த பிறகு அவர்களிடம் குரலை உயர்த்த உனக்கு மனசு வராது. உனக்கு நடப்பதையும் ஒரு நோட்டில் எழுதி வை, தேதி போட்டு எழுது.

9. படித்ததைக் காட்டிக்கொள்ளாதே. படிக்காதவரை மட்டமாகப் பார்க்காதே. உன் அம்மாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் வாசிக்க அவள் கேட்ட கதைகளில் ஒரு பெயரைக்கூட இன்றுவரை மறந்ததில்லை.

10. சில படங்களை இப்போதே பார்த்துத் தீர்த்துவிடாதே, பிற்பாட்டுக்கு விட்டுவை. பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988-இல் வந்தது. சம்பளத்துக்குப் போகும் ஒரு பெண், கடன் வாங்கி, நகையை விற்று, ஒரு சின்ன வீடு கட்டப் படும் பாடுதான் கதை. சிமெண்டு வாங்கியிருந்தால்தான், மேஸ்திரியிடம் ஏமாந்திருந்தால்தான், அந்தப் படம் முழுசாகப் புரியும். அதில் சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வருகிறார். பாதி எழுந்த வீட்டுக்குள் தனியாகப் போய் ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்க்கும் அந்தக் கிழவரின் சந்தோஷத்தை நான் என் அப்பனிடம் பார்த்திருக்கிறேன். பேத்தி தன் உழைப்பில் எழுப்பும் சுவரைத் தொட்டுப் பார்ப்பது எப்படிப்பட்ட சந்தோஷம் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. ப்ரியதர்ஷனின் ‘காஞ்சிவர’த்தையும் அப்படியே விட்டுவை. மகளுக்கு ஒரு பட்டுச்சேலை கொடுக்க ஏங்கும் நெசவாளியின் கதை அது. ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகு பார்.

11. வாங்கக் காசில்லை என்று படிக்காமல் இருக்காதே. நம் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார், வரியோடு பத்து சதவீதம் நூலக வரியும் கட்டுகிறோம். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாகாணத்தில்தான், 1948-இல். அதைக் கொண்டுவந்த கல்வி மந்திரி தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார், 1903-இல் திருப்பூரில் பிறந்தவர். பனியனுக்குப் பேர்போன ஊரில் பிறந்த ஒருவர்தான் ஊருக்கு ஊர் படிப்பகம் திறக்க வழி செய்தார் என்பது பனியன் தைக்கும் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். புத்தகம் சொந்தமாக வேண்டும் என்றால் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன். அதுவரைக்கும் இந்தச் சம்பளப் பணத்தில் ‘நாகம்மாள்’ ஒன்று மட்டும் வாங்கு, மற்றதை இரவல் எடுத்துப் படிக்கலாம்.

கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. உனக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை அது திறந்திருக்கும். ஆதார் அட்டையும் காப்புத்தொகைக்குக் கொஞ்சம் பணமும் எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிறே போய் உறுப்பினராகச் சேர்ந்துவிடு, கண்ணு. கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு பேரையாவது அழைத்துக்கொண்டு போ.